மயக்கத்தில் இருப்பவரின் கண்ணுக்கு எது காப்பு: டேப்பா, களிம்பா, ஜெல்லா, ஒளிபுகும் படலமா?

முழு மயக்கத்தில் இருப்பவரின் கண்ணுக்கு வெறும் டேப் போதுமா? களிம்பு வைத்துவிட்டு டேப் ஒட்டுவதா? ஜெல் நல்லதா? ஒளிபுகும் டிரெஸ்ஸிங் படலத்தை ஒட்டிவிட்டால் கவலையே இல்லையா? மயக்கவியல் பயிலும் மருத்துவர்களும் தியேட்டர் செவிலியர்களும் டெக்னீஷியன்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. மூத்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்வதால் குழப்பம் கூடுகிறது. எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இமை முழுதாக மூடியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி, எதைக் கொண்டு மூடினோம் என்பது அதற்கடுத்த கேள்வி. கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு பொருளும் தனக்கென ஒரு தீங்கைக் கொண்டுவருகிறது. அதனால் அந்த அறுவைசிகிச்சைக்கு அது உண்மையில் தேவையா என்று கேட்டுவிட்டே சேர்க்க வேண்டும்.

## மயக்கத்தில் கண்ணுக்கு என்ன ஆகிறது

விழித்திருக்கும்போது இமையை மூடிவைக்கும் தசை எப்போதும் ஓரளவு இறுக்கத்தில் இருக்கும். மயக்க மருந்து அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிடும். இதனால் ஏறக்குறைய பத்தில் ஆறு பேருக்கு இமை தானாக முழுதும் மூடுவதில்லை. சிமிட்டும் அனிச்சை போய்விடுகிறது. தூக்கத்தில் கருவிழி மேல்நோக்கிச் சுழன்று இமைக்குள் ஒளிந்துகொள்ளும் இயல்பும் போய்விடுகிறது. கண்ணீர்ச் சுரப்பு குறைகிறது. ஒருமுறை சிமிட்டினால் கண்ணீர்ப் படலம் உடையாமல் 10 வினாடிக்கு மேல் நிற்கும். சிமிட்டலே இல்லாதபோது, திறந்த இடுக்கில் தெரியும் கருவிழி உலர்வது மணிக்கணக்கில் நடக்கிற காரியம் அல்ல. அரைமணி நேரக் கேஸிலும் அது நடக்கும்.

கருவிழியின் மேல்தோல் ஐந்து முதல் ஏழு செல் அடுக்குகள்தான், சுமார் 0.05 மி.மீ. தடிமன். உலர்ந்த மேல்தோல் எளிதில் உரியும். காயம் பெரும்பாலும் கருவிழியின் கீழ்ப் பகுதியில் இருப்பதற்கும் இதுவே காரணம். இமை சரியாக மூடாதபோது வெளியே தெரிவது அந்தப் பகுதிதான்.

உலர்தல் ஒரு வழி. நேரடி உரசல் இன்னொரு வழி: லாரிங்கோஸ்கோப் (மூச்சுக்குழாயில் டியூப் போட உதவும் கருவி) பிடித்திருக்கும் கையின் கடிகாரம், கழுத்திலிருந்து தொங்கும் அடையாள அட்டை, ஸ்டெதாஸ்கோப், அளவுக்குப் பெரிய மாஸ்க்கின் ஓரம், முகத்தின் மேல் இழுக்கப்படும் டிரேப் எனும் அறுவை விரிப்புத் துணி. மூன்றாவது வழி, தோலைத் துடைக்கும் கிருமிநாசினி வழிந்து கண்ணுக்குள் தேங்குவது. நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அரைமயக்கத்தில் எழும் நோயாளி, ஆட்காட்டி விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கிளிப் மாட்டியிருக்க, அதே விரலால் கண்ணைத் தேய்த்துக்கொள்கிறார். கிளிப்பை அதிகம் பயன்படுத்தாத கையின் மோதிர விரலுக்கு மாற்றினாலே இந்த ஆபத்து பெருமளவு குறையும்.

1977-இல் வெளியான ஓர் ஆய்வில், காப்பில்லாமல் பாதி திறந்திருந்த கண்களில் 44 சதவீதத்தில் கருவிழிச் சிராய்ப்பு இருந்தது. 1996-இல் வெளியான, 60,965 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில் மொத்தம் 34 கண் காயங்களே பதிவாயின. அவற்றில் 21 கருவிழிச் சிராய்ப்புகள். இரண்டு ஆய்வுகளும் ஒரே முறையில் எண்ணவில்லை. முதலாவது தேடிப் பார்த்து எண்ணியது, இரண்டாவது புகாராக வந்ததை எண்ணியது. ஆனாலும் கண்ணை மூடும் வழக்கம் எவ்வளவு தீங்கைத் தடுக்கிறது என்பது இவற்றிலிருந்து புரியும். அந்த இரண்டாவது ஆய்வில் ஐந்தில் ஏறக்குறைய ஒரு காயத்துக்கு மட்டுமே குறிப்பான காரணம் கண்டுபிடிக்க முடிந்தது. மற்றவற்றில் எப்போது, எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கவாட்டில் படுக்கவைத்த கேஸ்கள், தலை-கழுத்து அறுவைகள், நீண்ட நேர அறுவைகள் ஆகியவற்றில் ஆபத்து கூடுதலாக இருந்தது.

## எதை வைத்து எடைபோடுவது

ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் அதனிடம் ஏழு கேள்விகள் கேட்கலாம்.

1. இமையை முழுதும் மூடி, அறுவை முடியும்வரை அப்படியே வைத்திருக்குமா?
2. கருவிழியின் ஈரத்தை எவ்வளவு நேரம் காக்கும்?
3. கிருமிநாசினி, இரத்தம், எச்சில், வயிற்று நீர் உள்ளே போகாமல் தடுக்குமா?
4. ஒட்டிய பிறகும் கண் எப்படி இருக்கிறது என்று பார்க்க முடியுமா?
5. எடுக்கும்போது தோல், இமைமுடி, கருவிழி ஆகியவற்றுக்கு என்ன செய்யும்?
6. விழித்தபின் பார்வை மங்கி, நோயாளியைக் கண்ணைத் தேய்க்கத் தூண்டுமா?
7. முகத்தருகே மின்கத்தியோ (மின்சாரச் சூட்டால் வெட்டும் கருவி) லேசரோ ஆக்சிஜனோ இருந்தால் தீப்பிடிக்க உதவுமா?

ஆறாவது கேள்வியைத் தனியாகக் கவனியுங்கள். கண்ணில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல உணரும் நோயாளி தேய்க்கத்தான் செய்வார். காக்க வைத்த பொருளே காயத்துக்குக் காரணமாவது இந்த இடத்தில்தான்.

## டேப் மட்டும்

மல்லாந்த நிலையில், முகத்துக்குத் தொலைவில், குறுகிய நேரம் நடக்கும் பெரும்பாலான அறுவைகளுக்கு ஒழுங்காக ஒட்டிய டேப் போதும். இமை முழுதாக மூடியிருக்கும்போது அதனுடன் களிம்பு சேர்ப்பதால் சிராய்ப்பு மேலும் குறைவதாக இத்தகைய கேஸ்களை ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டவில்லை. கண் மங்கல், உறுத்தல் ஆகிய புகார்கள்தான் கூடின.

‘ஒழுங்காக’ என்றால் இப்படி. இமைமுடியைத் தொட்டால் இமை துடிக்காத நிலை வந்ததும் ஒட்டுங்கள். மூச்சுக்குழாயில் டியூப் போட்டு முடித்து, அதைக் கட்டிவிட்டு, பிறகு கண்ணுக்கு வரலாம் என்று தள்ளிப்போடுவது பரவலான பழக்கம். ஆனால் மாஸ்க்கும் கையும் லாரிங்கோஸ்கோப்பும் முகத்தின் மேல் அலையும் அந்த நிமிடங்களில்தான் கண் அடிபட வாய்ப்பு அதிகம். மூச்சுப்பாதை கடினமாக இருக்கும் என்று எதிர்பார்க்கும் கேஸில் கவனம் முழுவதும் அங்கேதான் இருக்க வேண்டும். அப்போது உதவியாளர் ஒருவரிடம் கண்ணை ஒப்படைத்துவிடுங்கள்.

தோலில் வியர்வையோ கிரீமோ இருந்தால் உலர்ந்த பஞ்சால் துடையுங்கள். விரல் நுனியால் மேல் இமையை மெல்லக் கீழே கொண்டுவாருங்கள். வெள்ளை விழி ஒரு கோடாகக்கூடத் தெரியக்கூடாது. இமைமுடி வெளிநோக்கி இருக்கிறதா, உள்ளே மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். 2.5 செ.மீ. அகல டேப்பின் மேல் பாதியை மேல் இமையில் ஒட்டி, கீழ்ப் பாதியைக் கன்னத்தோடு படியவையுங்கள். டேப்பைக் கிடையாக, உள் மூலையிலிருந்து வெளி மூலைவரை இமை இடுக்கு முழுதும் மறையும்படி ஒட்டுவதே நல்லது. நெட்டுக்குத்தாக ஒரு சிறு துண்டு ஒட்டினால் நடுவில் மட்டும் மூடி, இரு மூலைகளும் திறந்திருக்கும். நீர் புகுவது அந்த மூலைகளில்தான். டேப்பின் ஒரு முனையை அரை செ.மீ. மடித்து விட்டால் எடுக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை.

எந்த டேப்? மைக்ரோபோர் போன்ற காகித டேப் தோலுக்கு இதமானது, ஆனால் நனைந்தால் பிடி விடும். உள்ளே கண் திறந்திருந்தாலும் தெரியாது. ஒளிபுகும் பிளாஸ்டிக் டேப்பில் இமைக் கோட்டைப் பார்க்கலாம், பிடியும் சற்று அதிகம். டியூப் கட்டப் பயன்படும் பட்டுத்துணி டேப்பைக் கண்ணில் ஒட்டாதீர்கள். அது வயதானவர்களின் இமைத் தோலையும் இமைமுடியையும் சேர்த்தே எடுத்துவிடும். பச்சிளங்குழந்தைகள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், மிக வயதானவர்கள் ஆகியோருக்கு சிலிக்கோன் பசை டேப் கிடைத்தால் அதையே எடுங்கள்.

டேப்பின் மறைவான ஆபத்து, ஒட்டியபின் அதன் அடியில் இமை திறந்துகொள்வது. அப்போது பசைப்பக்கம் நேராகக் கருவிழியில் படும். டேப் இல்லாத கண்ணைவிட இது மோசம். தலையைத் திருப்பிய பிறகு, டிரேப் போட்ட பிறகு, படுக்கை நிலையை மாற்றிய பிறகு மீண்டும் ஒருமுறை பார்க்காதவருக்கு இது தெரியவராது.

எடுப்பதிலும் முறை இருக்கிறது. கன்னத்திலிருந்து மேல்நோக்கி உரித்தால் மேல் இமையும் சேர்ந்து எழும்பி, கண் திறந்து, டேப்பின் ஓரம் கருவிழியை இழுத்துச் செல்லும். புருவப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி, ஒரு விரலால் தோலைத் தாங்கிக்கொண்டு உரியுங்கள். காகித டேப் விடவில்லை என்றால் சலைனில் நனைத்த பஞ்சை ஒற்றிச் சற்றுப் பொறுங்கள். ஆல்கஹால் கலந்த பசைநீக்கி கண்ணருகே வரவே கூடாது.

## பாரஃபின் களிம்பும் டேப்பும்

திரவ பாரஃபினும் வெள்ளை மென் பாரஃபினும் கலந்த களிம்பு ஆவியாகாது. அதனால் பல மணி நேரம் தங்கும். இமையை முழுதாக மூட முடியாதவர்களுக்கு இதுவே இதன் பெரிய பலம்: தைராய்டு நோயால் விழி பிதுங்கியவர்கள், முகவாதம் வந்தவர்கள், இமைத் தழும்பு உள்ளவர்கள், ஏற்கெனவே கண் உலர்நோய் உள்ளவர்கள். நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் போகும், இடையில் கண்ணை எட்ட முடியாத கேஸ்களுக்கும் இது பொருந்தும்.

மறைவான விலை நிறையவே உண்டு. விழித்தபின் பார்வை மங்கும். நோயாளி அதைப் பார்வை இழப்பென்று பயப்படலாம். உண்மையான பார்வை இழப்பை ‘களிம்பு மங்கல்’ என்று நாமே ஒதுக்கிவிடவும் கூடும். இது இன்னும் ஆபத்து. கண் சிவந்து உறுத்தலாம். சில தயாரிப்புகளில் கம்பளிக் கொழுப்பும், கெடாமல் காக்கும் பதப்பொருளும் இருப்பதால் ஒவ்வாமை வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்ரோலிய வழிப் பொருள் எரியக்கூடியது. முகத்தில் மின்கத்தி அல்லது லேசர் பயன்படுத்தும்போது, டிரேப்புக்கடியில் ஆக்சிஜன் தேங்கியிருக்கும்போது, பாரஃபின் களிம்பைத் தவிர்த்துவிடுங்கள்.

வைக்கும் முறை: கையைச் சுத்தம் செய்து, கீழ் இமையை இறக்கி, உட்பள்ளத்தில் சுமார் 1 செ.மீ. நீளக் கோடாகக் களிம்பு. குழாயின் முனை கண்ணையோ இமைமுடியையோ தொடக்கூடாது. ஒரு குழாய் ஒரு நோயாளிக்கு மட்டும். பிறகு இமையை மூடி, வெளியே வழிந்ததை முழுதும் துடைத்துவிட்டே டேப் ஒட்டுங்கள். களிம்பும் டேப்பும் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில். எண்ணெய்ப் பசை பட்ட தோலில் டேப் பிடிக்காது. அரைமணியில் கழன்று, இமை திறந்து, களிம்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் யாரும் பார்க்காமல் விடுவார்கள். அளவு அதிகமானால் பயன் கூடுவதில்லை, டேப்தான் விடுபடும்.

## நீர் சார்ந்த ஜெல்லும் டேப்பும்

மெத்தில்செல்லுலோஸ், கார்போமர் போன்றவற்றால் ஆன ஜெல்கள் களிம்பைவிடக் குறைவாகவே மங்கலைத் தரும். விழித்தபின் சிமிட்டினால் கரைந்து போகும், எளிதில் எரியாது. முகத்தருகே மின்கத்தி வேலை இருந்து, உலர்வையும் தடுக்க வேண்டியிருந்தால் களிம்பைவிட ஜெல்லே மேல்.

குறை: இமை திறந்திருந்தால் ஜெல் உலர்ந்துவிடும். நீண்ட கேஸில் மறுபடி வைக்க வேண்டும். அதற்கு டேப்பை எடுத்து ஒட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் அது தோலுக்கு ஒரு சோதனை. டிரேப்புக்கடியில் கண்ணை எட்டவே முடியாது என்றால் ஜெல்லின் பயன் முதல் பகுதிக்கு மட்டுமே. பதப்பொருள் உள்ள பாட்டிலை வாங்காதீர்கள். பதப்பொருளாகச் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைடு நீண்ட நேரம் தேங்கி நின்றால் கருவிழி மேல்தோலைத் தானே சிதைக்கும். சிமிட்டாத கண்ணில் அது கழுவப்பட்டு வெளியேறுவதும் இல்லை. பதப்பொருளற்ற, ஒருமுறை பயன்படுத்தும் சிறு குப்பிகளே சரி.

## ஒளிபுகும் ஒட்டுப்படலம்

டெகாடெர்ம் போன்ற பாலியூரித்தேன் படலம், ஊசிக்குழாயை மறைக்கப் பயன்படும் அதே வகை, கண்ணின் மேல் ஒட்டினால் நான்கு பக்கமும் அடைபட்ட ஈர அறை உருவாகிறது. உள்ளிருந்து ஈரம் ஆவியாகிப் போகும் அளவு மிகக் குறைவு. கிருமிநாசினியும் எச்சிலும் உள்ளே போகாது. கண் மூடியிருக்கிறதா என்று எப்போதும் பார்க்கலாம். தலை-கழுத்து அறுவை, மூளை அறுவை, குப்புறப் படுக்கவைக்கும் முதுகெலும்பு அறுவை, தலையை வெகுவாகத் தாழ்த்திச் செய்யும் ரோபோ அறுவை ஆகியவற்றில் எங்கள் முதல் தேர்வு இதுதான். தலை தாழ்ந்தோ முகம் கீழ்நோக்கியோ இருந்தால் எச்சிலும் வயிற்று நீரும் கண்ணை நோக்கியே வழியும். காகித டேப் அதற்கு நிற்காது.

ஆனால் படலம் இமையை மூடித் தருவதில்லை, மூடிய இமையைத்தான் காக்கிறது. முதலில் இமையை மூடுங்கள். தேவைப்பட்டால் மெல்லிய காகித டேப் ஒன்று ஒட்டி, அதன் மேல் படலத்தைப் புருவத்துக்குச் சற்றுக் கீழிருந்து கன்ன எலும்புவரை படியவையுங்கள். மூக்குப் பக்க மூலையில் சுருக்கம் விழுந்தால் அது நீர் புகும் கால்வாயாகிவிடும். அங்கே விரலால் நன்கு அழுத்துங்கள். புருவத்தின் மேல் ஒட்டினால் எடுக்கும்போது முடி பிய்ந்து வரும்.

இதன் மறைவான விலை எடுக்கும் நேரத்தில் தெரியும். இதன் பசை வலுவானது. மேல்நோக்கி உரிக்காமல், ஓரத்தைத் தோலுக்கு இணையாக வெளிப்புறம் இழுத்து நீட்டுங்கள். படலம் நீளும்போது பசை தானாக விடும். மறுகை விரல் இமையை மூடியே பிடித்திருக்கட்டும். அவசரமான டியூப் நீக்கத்தின்போது இதைச் செய்ய முடியாது. அறுவை முடிந்து, நோயாளி இன்னும் ஆழ்ந்திருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு விழிக்கும்வரை கண் காப்பின்றி இருக்கிறது என்பதை மறக்காமல், மாஸ்க்கையும் கையையும் கவனியுங்கள்.

## கடினக் கவசம்

மல்லாந்த நிலையில் முகத்தின் மேல் கருவிகளோ ரோபோக் கைகளோ நகரும்போது, மூடிய இமைக்கு மேலே ஒரு கடினக் கவசம் உரசலையும் இடியையும் தாங்கும். குப்புறப் படுத்திருப்பவருக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். தலைத்தாங்கியில் சற்று நகர்ந்தால் கவசத்தின் ஓரமே விழியை அழுத்தும். அந்த அழுத்தம் விழித்திரையின் இரத்த ஓட்டத்தை நிறுத்தக்கூடியது. கவசம் ஈரத்தைக் காப்பதும் இல்லை. இது கூடுதல் காப்பு, டேப்புக்கு மாற்று அல்ல.

## தையல், கருவிழி ஓடு

முகச்சீரமைப்பு அறுவையில் கண்ணைச் சுற்றியுள்ள பகுதி முழுவதும் அறுவைக் களமாக இருக்கும். டேப்போ படலமோ ஒட்ட இடமே இல்லை. அங்கே அறுவை மருத்துவர் இமைகளைத் தற்காலிகமாகத் தைத்து மூடுவார், அல்லது களிம்பு தடவிய கருவிழி ஓட்டை (இமைக்கு அடியில் கருவிழியை மூடும் சிறு கிண்ணம் போன்ற தகடு) கண்ணுக்குள் வைப்பார். இமை மூடவே மறுக்கும் அளவு விழி பிதுங்கியவர்களுக்கும் தையல் உதவும். இமை விளிம்பில் தழும்பு, வீக்கம், ஊசி தவறாகப் பட்டால் விழிக்கே காயம் என விலை உண்டு. பழகிய கை மட்டுமே செய்யலாம். கண்ணருகே லேசர் பயன்படுத்தினால் உலோக ஓடுதான், பிளாஸ்டிக் உருகும். கேஸ் முடிவில் ஓட்டை எடுத்ததை எண்ணிக்கைப் பட்டியலில் சேர்த்துச் சரிபாருங்கள்.

## ஒரே பார்வையில்

| முறை | இமை மூடல் | ஈரம் | நீர்த் தடுப்பு | கண் தெரியுமா | எடுக்கும்போது / விழித்தபின் | எங்கே முந்துகிறது |
|---|---|---|---|---|---|---|
| டேப் மட்டும் | நன்று, ஒட்டும் முறையைப் பொறுத்தது | மூடியிருக்கும்வரை போதும் | குறைவு | ஒளிபுகும் வகையில் மட்டும் | தோல், இமைமுடி | மல்லாந்த, குறுகிய, முகத்துக்குத் தொலைவான அறுவை |
| களிம்பும் டேப்பும் | டேப் வழுக்கலாம் | பல மணி நேரம் | குறைவு | மங்கலாக | பார்வை மங்கல், உறுத்தல். எரியக்கூடியது | இமை மூடாதவர், நீண்ட கேஸ் |
| ஜெல்லும் டேப்பும் | டேப்பைப் போல | நடுத்தரம், மறுபடி வைக்க வேண்டும் | குறைவு | டேப்பைப் பொறுத்தது | மங்கல் குறைவு | முகத்தருகே மின்கத்தி, கண்ணை எட்ட முடிகிற கேஸ் |
| ஒளிபுகும் படலம் | முதலில் மூடினால் மட்டுமே | மிக நன்று | மிக நன்று | ஆம் | பசை வலுவானது | தலை-கழுத்து, குப்புற நிலை, தலை தாழ்த்திய நிலை |
| கடினக் கவசம் | இல்லை | இல்லை | குறைவு | வகையைப் பொறுத்தது | அழுத்த ஆபத்து | மல்லாந்த நிலையில் கருவி இடி |
| தையல், ஓடு | முழுமை | நன்று | நடுத்தரம் | இல்லை | இமை வீக்கம், விளிம்புக் காயம் | கண்ணைச் சுற்றி அறுவை |

பட்டியலில் இல்லாத ஒன்று, வெறும் பஞ்சுத்துணி. மூடாத கண்ணின் மேல் நேராக வைத்த உலர்ந்த பஞ்சுத்துணி கருவிழியை அரம்போல் உரசும். மூடி ஒட்டிய இமைக்கு மேலே, லேசர் கேஸில் நனைத்த பஞ்சுத்துணி வைப்பது வேறு விஷயம். அது தேவை. அது அறுவை முழுதும் நனைந்தே இருக்க வேண்டும்.

## பக்கவாட்டு நிலையும் கிருமிநாசினியும்

பக்கவாட்டில் படுத்தால் கீழ்க் கண்ணை மட்டும் கவனித்துவிட்டு மேல் கண்ணை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கீழ்க் கண்ணுக்கு அழுத்த ஆபத்து, மேல் கண்ணுக்கு டிரேப்பும் கையும் உரசும் ஆபத்து. இரண்டுக்கும் முழுக் காப்பு வேண்டும். தலையணையின் ஓரம் கீழ்க் கண்ணின் எலும்புக் குழிக்கு வெளியே இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள்.

முகத்தைத் துடைக்கும்போது குளோர்ஹெக்சிடின் வேண்டாம். கண்ணுக்குள் போனால், அதிலும் சோப்பு கலந்த 4 சதவீத வகை போனால், கருவிழியை நிரந்தரமாகக் கலங்கச் செய்யும் அளவுக்கு எரிக்கும். கண் அறுவையிலேயே பயன்படுத்தப்படும் 5 சதவீத நீர்சார் போவிடோன் அயோடின் பாதுகாப்பானது. சோப்பு கலந்த அயோடின் அல்ல. பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

## எந்தக் காப்பும் தடுக்காதவை

டேப்பும் படலமும் கண்ணின் மேற்பரப்பைத்தான் காக்கும். விழித்திரைத் தமனி அடைப்பும் பார்வை நரம்பின் இரத்தக்குறைவும் வேறு கதை. நீண்ட முதுகெலும்பு அறுவைக்குப் பின் பார்வை இழந்த 93 பேரைப் பற்றிய அமெரிக்கப் பதிவேட்டின் ஆய்வு 2006-இல் வெளியானது. அவர்களில் 83 பேருக்குப் பார்வை நரம்புப் பாதிப்பு, 10 பேருக்கு விழித்திரைத் தமனி அடைப்பு. தலையை ஊசிமுனைத் தாங்கியில் பொருத்தி, விழியில் எதுவும் படாமல் இருந்தவர்களுக்கும் நரம்புப் பாதிப்பு வந்திருந்தது. நரம்புப் பாதிப்பு வந்தவர்களில் 96 சதவீதத்தினருக்கு 1 லிட்டருக்குக் குறையாத இரத்த இழப்போ 6 மணி நேரத்துக்குக் குறையாத மயக்கமோ இருந்தது.

அதனால் குப்புற நிலையில் நல்ல படலத்தை ஒட்டிவிட்டோம் என்று ஓய முடியாது. தலை நேராக, இதய மட்டத்தில் அல்லது சற்று மேலே இருக்கட்டும். விழியின் மேல் அழுத்தம் இல்லை என்று 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். அடியில் கண்ணாடி உள்ள தலைத்தாங்கி இருந்தால் இது எளிது. இரத்த அழுத்தத்தையும் இரத்த அளவையும் விழவிடாமல் வைத்திருங்கள்.

## நோயாளி முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு வாருங்கள். ஒட்டிய செயற்கை இமைமுடியும் கண் மையும் வேண்டாம். டேப்பின் பசை அவற்றைப் பிடித்துக்கொள்ளும், துகள்கள் கண்ணுக்குள் போகும். கண் உலர்நோய், முகவாதம், தைராய்டு கண்நோய், கண்ணழுத்த நோய், முன்பு செய்த லேசிக் சிகிச்சை, ஒரு கண்ணில் மட்டும் பார்வை, டேப்போ களிம்போ ஒத்துக்கொள்ளாமை ஆகியவற்றைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். விழித்ததும் கண் உறுத்தினால் தேய்க்காமல் செவிலியரைக் கூப்பிடுங்கள்.

## காயம் ஆகிவிட்டால்

ஏதோ விழுந்ததுபோன்ற உறுத்தல், நீர் வடிதல், வெளிச்சம் கூசுதல், சிமிட்டினால் வலி: இவை கருவிழிச் சிராய்ப்பின் அடையாளங்கள். ‘டேப் போட்டதால் அப்படித்தான் இருக்கும்’ என்று அனுப்பிவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு கண்ணிலும் பார்வையைச் சோதியுங்கள். பிறகு ஃப்ளூரசீன் சாயத்தாளை நனைத்துத் தொட்டு, நீல ஒளியில் பாருங்கள். உரிந்த இடம் பச்சையாக ஒளிரும்.

சிறு சிராய்ப்பு பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்தில் ஆறும். ஆன்டிபயாடிக் களிம்பா சொட்டு மருந்தா என்றால், களிம்பு உராய்வைக் குறைத்து இதம் தரும், ஆனால் பார்வை மங்கும். பகலில் பார்வை தேவைப்படுபவருக்குச் சொட்டு மருந்தும் இரவில் களிம்பும் கொடுக்கலாம். கான்டாக்ட் லென்ஸ் அணிபவருக்கு சூடோமோனாஸ் கிருமியை அடக்கும் ஃப்ளூரோகுவினோலோன் சொட்டு மருந்து வேண்டும், ஆறும்வரை லென்ஸ் கூடாது. கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டுவது பழைய பழக்கம். சாதாரணச் சிராய்ப்பில் அதனால் சீக்கிரம் ஆறுவதில்லை. வலிக்கு வாய்வழி பாராசிட்டமால் கொடுக்கலாம். மரப்புச் சொட்டு மருந்து சோதனைக்கு மட்டும். அதைக் கையில் கொடுத்து அனுப்பினால் மேல்தோல் வளர்வது தடைபடும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கண் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். 24 மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். வலி கூடினாலோ கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அது தொற்றாக இருக்கலாம், அன்றே கண் மருத்துவர் பார்க்க வேண்டும்.

கிருமிநாசினி போயிருந்தால் சோதனைக்குக் காத்திருக்காதீர்கள். சலைன் பாட்டிலில் குழாய் மாட்டி, இமைகளை விரித்து, உட்பள்ளங்கள் உட்பட 15 முதல் 30 நிமிடம் கழுவுங்கள். நோயாளி இன்னும் மயக்கத்தில் இருந்தால் அங்கேயே தொடங்குங்கள்.

வலியே இல்லாமல் பார்வை மங்கினாலோ ஒரு பகுதி இருண்டாலோ அது சிராய்ப்பு அல்ல. கண் சிவந்து, தலைவலி, வாந்தியுடன், கண்ணின் பாப்பா (நடுவிலுள்ள கருந்துளை) நடுத்தரமாக விரிந்து அசையாமல் இருந்தால் கண்ணழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம். இரண்டுக்கும் உடனே கண் மருத்துவரை அழையுங்கள். அவருக்கு எழுதும் குறிப்பில் படுக்கை நிலை, அறுவை நேரம், இரத்த இழப்பு, இரத்த அழுத்தம் எவ்வளவு தாழ்ந்தது, பயன்படுத்திய கிருமிநாசினி, கண்ணை எதனால் எப்போது மூடி எப்போது எடுத்தீர்கள் என்பவை இருக்கட்டும்.